பன்னிரண்டு மணி என்று நான் சொன்னது

ஜூன் 9, திங்கள்

காற்றுக் காலம் ஆரம்பம். காலையில் போகும்போதே முருங்கைக் கிளை ஒடிந்து அங்கன்வாடிக் கூரைமேல் கிடந்தது. லீவு முடிந்து பிள்ளைகள் ஒவ்வொன்றாக வரத் தொடங்கியிருக்கின்றன. இன்று பதினேழு. வந்ததும் எண்ணினேன். பாட்டு முடிந்ததும் எண்ணினேன். சாப்பிட உட்காரவைத்த பின் இன்னொரு முறை. உதவியாளர் மல்லிகாவுக்குச் சிரிப்பு.

"ஏனுங் டீச்சர், கோழிக்குஞ்சுங்களா இதுக? பருந்து தூக்கிட்டுப் போயிருமாட்ட எண்ணிக்கிட்டே இருக்கறீங்க."

நானும் சிரித்துவைத்தேன்.

11.30க்கு போலீஸ் ஜீப். பிள்ளைகள் எல்லாம் வாசலுக்கு ஓட்டம். இறங்கியது ஒரு பெண் எஸ்.ஐ. முப்பது வயதுகூட இருக்காது. ஆத்தூர்ப் பக்கத்துப் பேச்சு.

"சாந்தாமணி டீச்சர் நீங்கதானே? பழைய மிஸ்ஸிங் கேஸ் எல்லாத்தையும் மறுபடி பார்க்கச் சொல்லியிருக்காங்க. தாரணி கேஸ் என்கிட்ட வந்திருக்கு."

தாரணி. அந்தப் பெயரை வெளியாள் வாயால் கேட்டு எத்தனை வருஷம்.

"உங்க வாக்குமூலம் ஃபைல்ல இருக்கு. இருந்தாலும் அன்னைக்கு நடந்ததை நேரத்தோட ஒரு பேப்பர்ல எழுதி வைங்க. வெள்ளிக்கிழமை வர்றேன்."

சரி என்றேன். கையில் முட்டைத் தட்டு. ஒன்றும் உடையவில்லை. அதுவே பெரிது.

எனவே இந்த நோட்டு. பேப்பரில் எழுதுவது எஸ்.ஐ.க்கு. இது எனக்கு. வீட்டுக்குக் கொண்டுபோவதாக இல்லை. சத்துமாவு மூட்டைகளுக்குப் பின்னால் இருக்கும்.

ஜூன் 10, செவ்வாய்

வெயிலும் காற்றும். கண்ணெல்லாம் மண். பிள்ளைகள் பத்தொன்பது. எடை போடும் நாள். தராசுக் கொக்கி துருப்பிடித்திருக்கிறது, சூப்பர்வைசரிடம் சொல்ல வேண்டும்.

முதலிலிருந்து எழுதினால்தான் எனக்கே கோர்வையாக வரும்.

தாரணி, என் கணவருடைய அண்ணன் மகள். அந்த அண்ணனைப் பெரிய மாமா என்பேன், அவர் மனைவி பாப்பாத்தியை அக்கா என்பேன். நான்கு வயது. அப்போது அண்ணன் தம்பி இருவருக்கும் அடுத்தடுத்த வீடு, நடுவில் சுவர் கிடையாது. என் கணவர் ரிக் லாரியில் போர்வெல் போடப் போய் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருவார். அந்த மாசியில் லீவில் வந்திருந்தார். கிணற்றுத் தண்ணீர் முறைக்காக அண்ணனோடு சண்டை. "பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு வந்தார். ஊர் முழுக்கக் கேட்டது. அது முதல்நாள். மறுநாள் தாரணியைக் காணவில்லை.

எஸ்.ஐ.க்கு எழுதிய பேப்பர்:

காலை 8: பெரிய மாமாவும் பாப்பாத்தி அக்காவும் மஞ்சள் வேகவைக்கக் காட்டுக்குப் போனார்கள். தாரணியை என்னிடம் விட்டுச் சென்றார்கள்.

10.30: தாரணி என் வீட்டு வாசலுக்கு வந்தாள்.

12: என் கணவர் சாப்பிட வந்தார். தாரணி எட்டிப் பார்த்தாள். அவர் தின்ன ஒரு வர்க்கி கொடுத்தார். வாங்கிக்கொண்டு ஓடினாள்.

3: அக்கா காட்டிலிருந்து வந்து தேடினாள்.

நான்கு வரி. ஃபைலில் இருப்பதும் இதுதான்.

பன்னிரண்டு மணி வரி பொய். அவர் வரவில்லை. தாரணியும் வரவில்லை. வர்க்கியும் இல்லை, அன்று வீட்டில் வர்க்கியே கிடையாது. அவர் வந்தது இரண்டு மணிக்கு. முழங்கால் வரை சேறு. என்னைப் பார்த்தார், தொட்டியில் கால் கழுவினார், சட்டையைக் கழற்றி ஊறப்போட்டார். தன் சட்டையைத் தானே ஊறப்போடுகிற ஆள் இல்லை.

மறுநாள் போலீஸ் வந்தபோது அக்கா மண்ணில் விழுந்து அவரைக் கைகாட்டினாள். "அவுனக் கேளுங்க, அவுனுக்குத்தான் தெரியும்." எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் வாய் சொன்னது, பன்னிரண்டு மணிக்கெல்லாம் அவர் வீட்டில் என்று. வேறு யாராவது பார்த்தார்களா என்று கேட்டார் இன்ஸ்பெக்டர். தாரணியே பார்த்தாள் என்றேன்.

அப்படியும் அவரைக் கூட்டிப்போய் மூன்று நாள் வைத்திருந்தார்கள். இடது கைச் சுண்டுவிரல் இன்றும் மடங்காது. வர்க்கி கொடுத்தாயா என்று கேட்டார்களாம். ஆமாம் என்றாராம்.

கொடுக்காத வர்க்கிக்கு ஆமாம் போட்டாரே. அன்றிலிருந்து எனக்குத் தெரியும். தெரியும் என்று நினைத்துக்கொண்டே இருபது வருஷம்.

ஜூன் 11, புதன்

எஸ்.ஐ. நேற்று மாலை அக்கா வீட்டுக்கும் போயிருக்கிறார். காலையில் வாசல் பெருக்கும்போது சுவருக்கு அந்தப் பக்கம் அக்காவின் குரல், ஆட்டிடம் பேசுவதுபோல: "வாரட்டும். இப்பவாச்சும் வாரட்டும். எந்தச் சாமியும் கண்ண மூடிக்கிட்டே இருக்காது." எனக்கான பேச்சு. பெரிய மாமா இறந்து ஆறு வருஷம். மகன் திருப்பூரில். அக்கா, இரண்டு ஆடு, அவ்வளவுதான் அந்த வீடு. போலீஸ் அவரை விட்டு அனுப்பிய வாரமே பெரிய மாமா கட்டின சுவர் இது.

ரேஷன் கடை வரிசையில் பின்னால் நின்றவர்கள்:

"மறுக்காவும் தோண்டறாங்களாமா."

"தோண்டி என்ன கெடைக்கும்? ஊட்டுக்குள்ள இருக்கறவங்களுக்குத் தெரியாமயா."

பருப்பு வாங்காமலே வந்துவிட்டேன்.

சிலிண்டர் புக் செய்ய வேண்டும். மகள் யாழினிக்கு ரப்பர் பேண்ட், ஷாம்பு, வெள்ளை சாக்ஸ் இரண்டு. ஞாயிறு ஹாஸ்டலில் பெற்றோர் பார்க்கும் நாள்.

உட்கார முடியவில்லை. பாத்திரம் எல்லாம் இறக்கித் தேய்த்தேன். தேய்த்ததையே மறுபடி.

ஜூன் 12, வியாழன்

அவரிடம் நேற்றுத்தான் சொன்னேன், எஸ்.ஐ. வந்ததை. மோட்டார் காயில் கட்டுகிற கடை வைத்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது, ஒரு காயில் தப்பாகச் சுற்றியதில்லை. இன்று சுற்றியதைப் பிரித்துவிட்டு முதலிலிருந்து சுற்றினாராம். சாப்பாட்டில் கை வைத்துவிட்டு எழுந்துவிட்டார்.

"என்ன கேட்டாங்க?"

"அதேதானுங்க."

"நீ என்ன சொன்ன?"

"அதேதானுங்க."

தலையை ஆட்டினார். எங்களுக்குள் தாரணி என்ற பேச்சே வந்ததில்லை. மற்றதெல்லாம் பேசுவோம். மழை, மோட்டார், ரத்த அழுத்த மாத்திரை.

இதை எழுத வெட்கம். யாழினி பிறந்தது நான்கு வருஷம் கழித்து. அவளை அவரோடு தனியாக விட்டதே இல்லை. கடைக்குக் கூட்டிப்போகிறேன் என்பார், நானும் செருப்பு மாட்டுவேன். காய்ச்சலில் நான் படுத்துக் கிடந்தபோதும் பிள்ளை என் கண்ணெதிரில் விளையாட வேண்டும். அவர் கெட்ட அப்பா இல்லை. மடியில் வைத்து ஜடை பின்னிவிடுவார். அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஆறாம் வகுப்பிலேயே நாமக்கல் ஹாஸ்டலில் சேர்க்கலாம் என்றேன். மறுப்பார், சமாளிக்க வேண்டும் என்று காரணம் எல்லாம் யோசித்து வைத்திருந்தேன். உடனே சரி என்றுவிட்டார். எப்போது சேர்க்கலாம் என்றுகூடக் கேட்டார். ஒற்றைப் பிள்ளையை அனுப்ப அவ்வளவு அவசரம் எதற்கு என்று அன்றே ஒரு கேள்வி உள்ளே விழுந்தது.

நாளை வெள்ளி.

ஜூன் 13, வெள்ளி

எழுதவே கை வரவில்லை. மல்லிகாவை முன்னால் அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தி உட்கார்ந்திருக்கிறேன்.

எஸ்.ஐ. இரண்டு மணிக்கு வந்தார், பிள்ளைகள் தூங்கும் நேரம். என் பேப்பரை வாசித்தார். ஃபைலைத் திறந்தார். பழைய காகிதம், ஓரமெல்லாம் செல்லரித்திருந்தது.

"டீச்சர், ஒண்ணு கேட்கட்டுமா. பஸ் ஸ்டாப்புல அப்போ டீக்கடை வைச்சிருந்த அம்மாவை உங்களுக்குத் தெரியுமா?"

தெரியும். மெயின் ரோட்டில் புளியமரத்தடிக் கடை.

"அவங்க மூணாவது நாள் ஸ்டேஷனுக்கு வந்து ஒரு வாக்குமூலம் குடுத்திருக்காங்க. பச்சைக் கவுன் போட்ட பாப்பா ஒண்ணை ஒரு பொம்பளை கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்து தம்மம்பட்டி பஸ்ல ஏத்துனாளாம். பதினோரு மணி பஸ். ரெண்டு பேரையும் அதுக்கு முன்னாடி பார்த்ததில்லைங்கிறாங்க. பாப்பா பன்னு தின்னுக்கிட்டே ஏறுச்சாம்."

பக்கத்தில் தூங்கும் பிள்ளையின் மேல் உட்கார்ந்த ஈயை விரட்டினேன்.

"ஆனா யாரும் அந்தப் பஸ்ஸைத் தேடலை. பாருங்க."

காகிதத்தைத் திருப்பிக் காட்டினார். ஓரத்தில் சிவப்பு மையில், அந்தக் காலத்து இன்ஸ்பெக்டர் கையெழுத்து: 12 மணிக்குக் குழந்தை வீட்டில் இருந்துள்ளது. பொருந்தாது.

"தாரணி அன்னைக்கு என்ன டிரஸ் போட்டிருந்தா, ஞாபகம் இருக்கா?"

பச்சைக் கவுன். நான்தான் ஊக்கு போட்டுவிட்டேன். முதுகில் ஒரு பொத்தான் போயிருந்தது.

"ஞாபகமில்லீங்க" என்றேன். என் வாய்தான் சொன்னது.

எஸ்.ஐ. ஃபைலை மூடினார். "ஞாபகம் வந்தா போன் பண்ணுங்க." போகும்போது தூங்குகிற பிள்ளைகளைத் தாண்டித் தாண்டி, சத்தமில்லாமல், பூட்ஸைக் கையில் எடுத்துக்கொண்டு போனார்.

பொருந்தாது.

என்னால்தான் பொருந்தவில்லை.

அதே நாள், 4.10

பத்தரை மணியைப் பற்றி யாரிடமும் சொன்னதில்லை. இங்கே எழுதுகிறேன்.

எனக்கு அப்போது ஐம்பது நாள் தள்ளிப்போயிருந்தது. அதற்கு முன் இரண்டு கலைந்திருந்தன. மூன்றாம் மாதம் தாண்டிய பிறகுதான் அவரிடமே சொல்வது என்று இருந்தேன். அன்று காலை பத்து மணிக்கு வலி. படுத்தேன். வெளியே விளையாடிக்கொண்டிருந்த தாரணி பத்தரைக்கு வாசலில் நின்று, "சித்தீ, கதவத் தொற" என்றாள். உள்ளே எனக்கு ரத்தம் கொட்டிக்கொண்டிருக்கிறது. "போ சாமி, அப்பறமா வா" என்றேன். இரண்டு முறை கதவைத் தட்டினாள். அப்புறம் சத்தமில்லை.

ஒரு மணி வரை படுத்தே கிடந்தேன். பிறகு எழுந்து சேலையை அலசினேன். எல்லாம் போய்விட்டது. அந்த நேரம் எனக்கு அழத்தான் தெரிந்தது. பிள்ளை எங்கே என்று பார்க்கத் தெரியவில்லை.

ஜூன் 14, சனி

லீவு என்பதால் நோட்டு வீட்டில், அரிசி டப்பாவுக்குப் பின்னால். காலையில் இட்லி. இரண்டாவது ஈடு வேகவில்லை. அரிசி மாற்ற வேண்டும்.

மதியம் கடைக்குப் போனேன். சாப்பாட்டு நேரம், ஆள் இல்லை. செம்புக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, அன்னிக்கு ரெண்டு மணி வரைக்கும் எங்க இருந்தீங்க?"

சுற்றுவது நின்றது. எந்த அன்னிக்கு என்று கேட்கவில்லை.

"அத எதுக்கு இப்பக் கேக்கற?"

"எனக்குத் தெரியோணும்."

"நாமகிரிப்பேட்டைல."

"அங்க எதுக்கு?"

"ஊடு பாக்க. வாடகைக்கு. அண்ணங்கூட இனி ஆகாது, தனியாப் போயிரலாம்னு. காட்டோரத்து ஊடு. தண்ணி பாய்ச்சியிருந்தாங்க, வண்டி சேத்துல மாட்டிக்கிச்சு. பத்து மணில இருந்து ஊட்டுக்காரரு கூடத்தான் இருந்தேன். அவுரும் இன்னும் ரெண்டு பேரும்தான் வண்டியத் தூக்கி உட்டாங்க."

"மூணு பேரு பாத்திருக்காங்க. அப்பறம் ஏனுங்க போலீஸ்ல சொல்லல? அடிச்சாங்களே!"

கம்பியைக் கீழே வைத்தார். என்னைப் பார்க்காமல் பேசினார்.

"சொல்லியிருந்தா அன்னிக்கே உட்டிருப்பாங்க. அப்பறம் ஊட்டுல தனியா இருந்தது யாரு? நீயி. பன்னண்டு மணிக்கு நான் ஊட்டுல இருந்தேன்னு நீ சொன்னது பொய்யின்னு ஆயிரும். பொய்ய எதுக்குச் சொன்னேன்னு உன்னய இழுத்துட்டுப் போவாங்க."

எனக்குப் புரிய நேரம் பிடித்தது. புரிந்ததும் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"நீங்க என்னய நெனச்சீங்களா?"

"நான் வாரப்ப சேலய அலசிக்கிட்டிருந்த. தண்ணி முச்சூடும் செவப்பு. என்னன்னேன். ஒண்ணுமில்லீங்கன்ன. மூஞ்சியப் பாக்க முடியல. மறுநாளு அத்தன பேருக்கு முன்னால, பன்னண்டு மணிக்குத் தாரணி வந்தா, இவுரு வர்க்கி குடுத்தாருங்கற. நடக்காதத. அப்ப நான் என்னத்த நெனைக்கறது சாந்தா?"

"உங்களுக்காகச் சொன்னேனுங்க. சேத்தோட வந்தீங்க. சட்டைய ஊறப்போட்டீங்க."

"எனக்காகவா."

ரோட்டில் லாரி ஒன்று ஏர் ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

சேலையைப் பற்றிச் சொன்னேன். ஐம்பது நாள் என்றேன். கதவைத் தட்டியதையும் சொன்னேன். அதை வாய்விட்டுச் சொன்னது முதன்முறை. அவர் தரையையே பார்த்துக் கேட்டார். முடித்ததும் ஒன்றே ஒன்று கேட்டார்.

"ரொம்ப வலிச்சுதா?"

அப்போதுதான் அழுதேன்.

பிறகு டீக்கடை அம்மா சொன்னதைச் சொன்னேன். பஸ். பச்சைக் கவுன். சிவப்பு மை. அவர் முகம் மாறுவதைப் பார்க்க முடியவில்லை. அதற்குள் ஒருவர் வந்து, "அண்ணா, ஏழரை எச்பி மோட்டார் ரெடிங்களா?" என்றார். "நாளானைக்கு வாங்க" என்று அனுப்பிவிட்டு ஷட்டரை இறக்கினார்.

"உன்னயக் காப்பாத்தறேன்னு நானும், என்னயக் காப்பாத்தறேன்னு நீயும்," என்றார். கடைக்குள் புழுக்கம்.

ஜூன் 15, ஞாயிறு

யாழினியைப் பார்க்கும் நாள். புளிசாதம், உருளைக்கிழங்கு வறுவல், சாக்ஸ், ஷாம்பு எல்லாம் பையில் வைத்தேன். செருப்பு மாட்டப் போனவள் நின்றேன்.

"நீங்க மட்டும் போய்ட்டு வாங்க."

அவர் பையை வாங்கவில்லை, கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். பிறகு வாங்கிக்கொண்டார். வாசலில் நின்று சொன்னார்: "ஹாஸ்டல்ல போடலாம்னு நீ சொன்னப்ப எனக்கு அவ்வளவு நிம்மதி. ஊட்டுல உன்கூட உட்டுட்டு கடைக்குப் போவ பயந்துக்கிட்டு இருந்தேன்."

நானும் அதற்குத்தான் அனுப்பினேன் என்று சொல்லவில்லை. சொல்லாமலே தெரிந்துகொண்டார் என்று நினைக்கிறேன்.

பிள்ளை ஐந்து வருஷமாக ஹாஸ்டல் சாப்பாடு சாப்பிடுகிறது. ஒருவரையொருவர் பார்த்துத் தேவையில்லாமல் பயந்த எங்கள் இரண்டு பேரால்.

மதியம் யாழினி போன், வார்டன் அறையிலிருந்து. "ஏம்மா நீ வரல? சண்டையா?"

"இல்ல கண்ணு. தல வலி."

"அப்பா ஒரு மணி நேரமா என் மூஞ்சியையே பாத்துட்டு உக்காந்திருக்கறாரு. ஜடை பின்னி உடட்டான்னு கேக்கறாரும்மா, எல்லார் முன்னாடியும்! மானமே போச்சு."

பின்னிவிட்டாரா என்று கேட்டேன். ஆமாம் என்றாள்.

எஸ்.ஐ.க்குப் போன் செய்தேன். ஞாபகம் வந்துவிட்டது என்றேன்.

ஜூன் 16, திங்கள்

லீவு சொல்லிவிட்டு ஸ்டேஷன். அவரும் நானும். காலை 10 முதல் 1.30 வரை. ஃபேன் ஓடவில்லை.

தனித்தனியாக எழுதி வாங்கினார்கள். பன்னிரண்டு மணி வரியை இரண்டு தடவை முதலிலிருந்து தொடங்கினேன். எஸ்.ஐ. தண்ணீர் பாட்டிலை என் பக்கம் தள்ளினார். முழுக்க எழுதிப் படித்துக் காட்டினார். கையெழுத்துப் போட்டேன்.

கோபத்தை அடக்கிக்கொண்டிருந்தார், கழுத்து நரம்பு தெரிந்தது.

"அன்னைக்கே இதைச் சொல்லியிருந்தா," என்றார். நிறுத்திவிட்டார். பேனாவை மூடினார். "பொய் வாக்குமூலத்துக்கு உங்க மேல நடவடிக்கை வரலாம் டீச்சர். நான் மேலே எழுதித்தான் ஆகணும். வேலைக்கும் பிரச்சனை வரலாம்."

"எழுதுங்க மேடம்."

"அந்த டீக்கடை அம்மா இப்போ உயிரோட இல்லை. அந்தப் பஸ்ல யாரு கண்டக்டர்னு தேடச் சொல்லியிருக்கேன். தம்மம்பட்டி பக்கம் அந்த வருஷம் ஹோம்ல சேர்த்த பிள்ளைங்க, தத்துக் குடுத்த பிள்ளைங்க, அந்த ரெக்கார்டையும் பார்க்கணும். பாப்பாத்தி அம்மாகிட்ட ரத்தம் எடுக்கணும், டிஎன்ஏவுக்கு. எதுவும் உறுதியா சொல்ல முடியாது. வேற ஏதோ ஒரு பாப்பாவாகூட இருக்கலாம்."

"அக்காகிட்ட நீங்க சொல்றீங்களா?"

"நான் சொல்லிடலாம். ஆனா நீங்க சொல்லணும்னு நினைக்கிறேன்."

வரும்போது பஸ்ஸில் உட்கார இடம் இருந்தது. நின்றுகொண்டே வந்தேன்.

ஜூன் 17, செவ்வாய்

காலை 7. அக்கா ஆட்டுக்கு அகத்தி கட்டிக்கொண்டிருந்தாள். அவரும் நானும் வாசலில் போய் நின்றோம். இருபது வருஷத்தில் இருவரும் சேர்ந்து அந்த வாசலில் நின்றது பெரிய மாமா இறந்த அன்று மட்டும். அன்றும் ரோட்டோரமாக.

"என்ன," என்றாள். திரும்பவில்லை.

எப்படித் தொடங்குவது என்று இரவெல்லாம் யோசித்து வைத்தது ஒன்றும் வரவில்லை. "அக்கா, பன்னண்டு மணிக்குத் தாரணியப் பாத்தேன்னு சொன்னது பொய்யிங்க," என்றேன். அப்புறம் வந்த வரிசையில் எல்லாம் சொன்னேன். கதவை, சேலையை, சேற்றை, வர்க்கியை. கடைசியில் பஸ்ஸை.

அக்கா அகத்திக்கட்டைப் பிடித்தபடியே இருந்தாள். ஆடு இழுத்து இழுத்துத் தின்றது.

"பச்சக் கவுனா?"

"ஆமாங்க்கா."

"பன்னு தின்னுக்கிட்டா?"

"அப்படித்தான் எழுதியிருக்குதுங்க."

"அழுதாளாமா?"

"அது எழுதலீங்க்கா."

அக்கா உட்கார்ந்துவிட்டாள். சாணித் தரையிலேயே.

"ஏழு கெணறு எறைச்சுப் பாத்தேன்டி," என்றாள். குரல் உயரவே இல்லை. "ஏழு கெணறு. எந்தக் காட்டுல குழி தோண்டுனாலும் ஓடிப் போயி நின்னு பாத்தேன். கீழயே பாத்துட்டு இருந்துட்டேன் இத்தன வருசமும். ரோட்ட ஒரு நாளும் பாக்கல."

காலில் விழுந்தேன். காலை இழுத்துக்கொண்டாள்.

பிறகு அவரைப் பார்த்தாள். சுண்டுவிரலைப் பார்த்தாளோ என்னவோ. "தம்பி, நீங்க உள்ள வாங்க. இவ வேண்டாம்."

அவர் என்னைப் பார்த்தார். போங்க என்று கை காட்டினேன். உள்ளே போனார். வாசலில் நான். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. உள்ளே பாய் விரிக்கும் சத்தம். பிறகு அக்காவின் அழுகை. பிறகு அவருடையது. அவர் அழுது நான் கேட்டதில்லை, போலீஸ் விட்டு வந்த அன்றுகூட.

மல்லிகா போன். சாம்பார் பொடி தீர்ந்துவிட்டதாம். வாங்கி வருகிறேன் என்று சொன்னேன்.

ஜூன் 18, புதன்

பிள்ளைகள் இருபத்தொன்று. ஒரே ஒரு முறை எண்ணலாம் என்று பார்த்தேன். முடியவில்லை.

சூப்பர்வைசரிடமிருந்து தகவல், வெள்ளிக்கிழமை ஆபீஸுக்கு வரவும். போலீஸிலிருந்து கடிதம் போயிருக்கும். போகட்டும்.

அக்கா காலையிலேயே எஸ்.ஐ.யோடு ஆஸ்பத்திரி போய் ரத்தம் கொடுத்துவிட்டாள். தெருவில் மூன்று வீட்டில் சொல்லியிருக்கிறாள், "எம் மக பஸ்ஸேறிப் போனாளாம்" என்று. ஏதோ நேற்றுக் காலை நடந்ததுபோல. கேட்டவர்கள் என் வீட்டுப் பக்கம் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியதுதான். இத்தனை நாள் அவரைப் பார்த்தார்களே.

மாலை அக்கா சுவருக்கு அந்தப் பக்கம் நின்று கூப்பிட்டாள், என்னை அல்ல. "தம்பி, நாளைக்குத் தம்மம்பட்டி போறேன். அந்தப் பஸ்ஸுலயே."

"நானும் வாரேனுங்க அண்ணி."

அந்தப் பக்கம் ஆட்டுக்குத் தண்ணீர் ஊற்றும் சத்தம்.

"அவளும் வரட்டும். அந்தப் புள்ள மூஞ்சி எனக்கடுத்து அவளுக்குத்தான் தெரியும்."

ஜூன் 19, வியாழன்

மேகமூட்டம். காற்று. மல்லிகாவிடம் சாவி கொடுத்தேன், முட்டை எண்ணி வாங்கச் சொன்னேன்.

பதினோரு மணி பஸ் இப்போது 11.20க்கு. அக்கா டிரைவருக்குப் பின் சீட், ஜன்னலோரம். அவர் அதற்குப் பின்னால். நான் கடைசிப் படிக்கட்டுப் பக்கம். ஒவ்வொரு நிறுத்தத்திலும் அக்கா எழுந்து வெளியே பார்த்தாள். எதைத் தேடுகிறாள் என்று புரிந்தது. இதில் எந்த நிறுத்தத்திலும் இறங்கியிருக்கலாம்.

தம்மம்பட்டி 12.35. பஸ் ஸ்டாண்டு கூட்டம். காலேஜ் பெண்கள், கைக்குழந்தைக்காரிகள். எல்லாம் இருபது, இருபத்தைந்து வயது. அக்கா இறங்கியதும் அப்படியே நின்றுவிட்டாள். இத்தனை பேர் இருப்பார்கள் என்று நினைக்கவில்லை போல.

நிழற்குடையில் ஒரு பெண், இடுப்பில் பிள்ளை. "கொஞ்சம் தள்ளிக்கங்க ஆயா" என்றாள்.

அக்கா தள்ளவில்லை. அவள் முகத்தையே பார்த்தாள். "உனக்கு எந்த ஊரு சாமி?"

"இதே ஊருதான்."

"அப்பா அம்மா?"

"இருக்காங்களே. ஏன் ஆயா?"

"பொறந்ததும் இங்கதானா?"

அந்தப் பெண் சிரித்தாள், பிறகு பயந்தாள். பிள்ளையை இறுக்கிக்கொண்டு நகர்ந்து போனாள். ஒரு வாரம் முன்பென்றால் நானும் அப்படித்தான் இறுக்கிக்கொண்டிருப்பேன்.

அக்கா அடுத்தவளிடம் போனாள். அதற்கடுத்தவளிடம். பூக்கடையில், ஜெராக்ஸ் கடையில், செல்போன் கடையில் நின்றவர்களிடம். அதே மூன்று கேள்வி. சிலர் பதில் சொன்னார்கள். சிலர் கையைத் தட்டிவிட்டுப் போனார்கள். பத்தடி பின்னால் நடந்துகொண்டே இருந்தேன். ஒருத்தியைப் பார்த்தபோது மட்டும் கிட்டப் போய் நின்றேன், மேல் உதடு அப்படியே பெரிய மாமா. அவளுக்குச் சொந்த ஊர் திருச்சி. கூடவே அம்மா நின்றாள், அதே உதடோடு.

இரண்டு மணிக்கு அவர், ஏதாவது சாப்பிடலாம் என்றார். அக்கா கேட்கவில்லை. ரோட்டுக்கு நடுவில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தாள். பஸ்காரன் ஹாரன் அடித்தான். திரும்பி, இன்று காலையிலிருந்து முதன்முறையாக, என் முகத்தைப் பார்த்துப் பேசினாள்.

"நீ அந்தப் பக்கம் கேளு. நான் இந்தப் பக்கம் கேக்கறேன்."

போனேன். முதல் கடை வளையல் கடை. உள்ளே மூன்று பெண்கள்.